டீசல் டிரக்கின் கியர் தடுமாற்றத்துக்கு ஒரு நாய்ஸ் ஃபில்ட்டர்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருப்புப் பெட்டி, அதன் இரு பக்கமும் கனெக்டர் பொருத்திய குட்டை ஒயர்கள், உள்ளே எபாக்ஸி ஊற்றி மூடிய சில மின் உறுப்புகள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட டீசல் டிரக்குகளுக்கென்று விற்கப்படும் ஆக்சிலரேட்டர் சென்சார் நாய்ஸ் ஃபில்ட்டர் பார்வைக்கு இவ்வளவுதான். ஆக்சிலரேட்டரின் நிலையைச் சொல்லும் சென்சாருக்கும் வண்டியின் ஒயரிங்குக்கும் நடுவே இதைச் செருகிவிட்டால், ஒயரில் கலந்துவரும் மின் இரைச்சல் (தேவையற்ற வோல்டேஜ் துடிப்பு) வடிகட்டப்பட்டு, சீரான வேகத்தில் போகும்போதே கியர் மேலும் கீழுமாக மாறிக்கொண்டிருக்கும் தொல்லை நின்றுவிடும் என்று விற்பவர்கள் உறுதி கூறுகிறார்கள். 5.9 லிட்டர் டீசல் எஞ்சினும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கும் கொண்ட என் டிரக்கில் இதைப் பொருத்தி, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் அளந்து, நெடுந்தொலைவு ஓட்டிப் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பெட்டி சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால் அந்த வேலை உண்மையாகவே தேவைப்படும் வண்டிகள், இதை வாங்குவோர் எண்ணுவதைவிடக் குறைவு. தேவைப்படாத வண்டியில் இதைப் பொருத்தினால், செத்துக்கொண்டிருக்கும் ஆல்டர்நேட்டரை, அதாவது எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் கருவியை, மூடி மறைப்பதில்தான் போய் முடியும்.

கியர்பாக்ஸ் கோளாறுகளில் பலவும் ஓட்டுகிறவரின் காலுக்கும் காதுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே படும் என்பதால், இந்தத் தொல்லையின் அடையாளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 65 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில், சமதளத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது டார்க் கன்வர்ட்டரின் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) லாக்கப் கிளட்ச், அதாவது இரண்டையும் நேராகப் பிணைக்கும் கிளட்ச், பிடித்துக்கொள்கிறது. எஞ்சின் வேகம் 200, 300 ஆர்பிஎம் அளவுக்கு இறங்குகிறது. ஓரிரு நொடிகளில் கிளட்ச் விட்டுவிடுகிறது, முள் மேலே ஏறுகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி விடுகிறது. கால் அசையவில்லை, சாலையில் ஏற்றமும் இல்லை. சில வேளைகளில் ஓவர்டிரைவும் (மிக உயர்ந்த கியர்) இதேபோல விழுந்து விழுந்து எழும். முகப்பு விளக்குகளையும் புளோயரையும் போட்டால் தொல்லை கூடுவதும், ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால் மறைவதும் மின் இரைச்சலைச் சந்தேகிப்பதற்கு நல்ல காரணங்கள். ஆயில் கருகியிருந்தாலோ, கியர் வழுக்கினாலோ, ரிவர்ஸ் தாமதமாக விழுந்தாலோ அது வேறு வழக்கு. அங்கே இந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை.

இது ஏன் நடக்கிறது என்பதற்குக் கியர்பாக்ஸ் எப்படி முடிவெடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாட்ஜ் ராம் டீசல்களில் 1996 முதல் வந்த 47ஆர்இ, 2003-இல் அதன் இடத்துக்கு வந்த 48ஆர்இ போன்ற கியர்பாக்ஸ்களில் லாக்கப்பும் ஓவர்டிரைவும் சோலினாய்டுகளால், அதாவது மின்காந்த வால்வுகளால், இயங்குகின்றன. அவற்றுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. அந்த முடிவுக்கு அது முக்கியமாக நம்புவது வண்டியின் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் சென்சார் அனுப்பும் வோல்டேஜையும்தான். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கப்படுகிறது. காலை எடுத்திருக்கும்போது அது ஏறத்தாழ அரை வோல்ட்டைத் திருப்பி அனுப்புகிறது, முழுவதுமாக மிதித்தால் 4 வோல்ட்டை ஒட்டிய அளவுக்குப் போகிறது. அதாவது, காலின் முழு அசைவும் மூன்று, மூன்றரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. லேசான மிதியில் போகும்போது வண்டி, லாக்கப் பிடிக்கலாமா விடலாமா என்ற எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் கால்வாசி வோல்ட் இரைச்சல் கலந்தால்கூட, ஓட்டுகிறவர் காலை எடுத்து எடுத்து மிதிப்பதாகவே கணினி புரிந்துகொள்ளும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, ஆகவே மின் இரைச்சலும் கிடையாது என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள்கூடச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. இரைச்சலின் பெரும் ஊற்று ஆல்டர்நேட்டர். அதற்குள் உற்பத்தியாவது மும்முனை மாறுதிசை மின்சாரம். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஆறு டயோடுகள் அதை நேர்திசையாக்குகின்றன. அப்படி நேராக்கிய மின்சாரம் முழுக்க மட்டமாக இருப்பதில்லை, மேலே ஒரு சிற்றலை மிச்சம் இருக்கும். ஆறு ஜோடி காந்த முனைகள் கொண்ட ஆல்டர்நேட்டர் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு முனையிலும் நொடிக்கு 400 அலைகள் வரும். டயோடுகளுக்குப் பிறகு அது நொடிக்கு 2,400 சிற்றலைகளாகிறது. டயோடுகள் எல்லாம் நலமாக இருக்கும்வரை இந்தச் சிற்றலை மிகச் சிறியது, பேட்டரியே அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரு டயோடு செத்தால் அலை பெரிதாவதோடு 400 என்ற மெதுவான எண்ணிக்கைக்கும் இறங்கிவிடுகிறது. மெதுவான அலையை வடிகட்டுவது கடினம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி சென்சாரை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளிகளில் எட்டிப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. வேகமான அலையை அப்படி விட்டுவிட்டுப் பார்த்தால், அது மெதுவாக ஏறி இறங்கும் அலைபோலத் தோன்றும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் துடிக்கும் இரைச்சல், ஓரிரு நொடிக்கு ஒருமுறை நிகழும் கியர் மாற்றமாக வெளிப்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே பெட்டியை வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றிவிட்டு, 1,500 ஆர்பிஎம் அளவில் வைத்து, விளக்குகளையும் புளோயரையும் போட்டு, மீட்டரை மாறுதிசை வோல்டேஜ் அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் பின்பக்கத் தடித்த போல்ட்டிலும் மறுமுனையை அதன் உடலிலும் தொட வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஆல்டர்நேட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். அரை வோல்ட்டை நெருங்கினால் டயோடு போய்விட்டது என்றே கொள்ளலாம். சூடேற்றிவிட்டு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: இந்த எஞ்சின்களின் இன்டேக் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர், குளிரில் ஸ்டார்ட் செய்த பிறகும் சில நிமிடங்கள் வந்து வந்து போகும், இரண்டு சுருள்களும் சேர்ந்து ஏறத்தாழ 200 ஆம்பியர் இழுக்கும்போது எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான சில மீட்டர்கள், மாறுதிசை நிலையில் வைத்தாலும் நேர்திசை வோல்டேஜை வடிகட்டாமல் உள்ளே விட்டுவிடும். எஞ்சின் ஓடாதபோதே பேட்டரியின் இரு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். அங்கே அலையே இல்லை, ஆகவே பூஜ்யம் காட்ட வேண்டும். முனைகளை மாற்றி வைத்தும் பாருங்கள். ஒருபுறம் பூஜ்யமும் மறுபுறம் இருபது சொச்சம் வோல்ட்டும் காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. ஆகவைக்க வேண்டுமானால் ஒரு முனையோடு தொடராக 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து அளக்கலாம். இதைச் சோதிக்காமல், மீட்டர் பெரிய எண்ணைக் காட்டுகிறது என்று நல்ல ஆல்டர்நேட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அளவைவிட நம்பத்தக்க ஒரு சோதனை, ஆல்டர்நேட்டரையே வேலை செய்யவிடாமல் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஆல்டர்நேட்டருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு சுருளுக்குப் போகும் சிறு கனெக்டரைக் கழற்றி டேப் சுற்றிக் கட்டிவிட வேண்டும். தடித்த சார்ஜிங் ஒயரைக் கழற்றக் கூடாது. பல டிரக்குகளில் சார்ஜிங்கை எஞ்சின் கணினியே கட்டுப்படுத்துகிறது. தடித்த ஒயர் மட்டும் விடுபட்டிருந்தால் பேட்டரியில் வோல்டேஜ் இறங்குவதைக் கண்டு கணினி ஃபீல்டை முழு வேகத்தில் தூண்டும், போக்கிடம் இல்லாத ஆல்டர்நேட்டர் தன் வோல்டேஜைத் தாறுமாறாக ஏற்றி டயோடுகளைச் சுட்டுக்கொள்ளும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றுவது இதைவிட மோசம். வண்டியிலுள்ள கணினிகள் அத்தனையும் அந்த ஒரு நொடியில் போய்விடக்கூடும். ஃபீல்டு கனெக்டர் கழன்ற நிலையில், நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியோடு பகலில் சிறிது தூரம் ஓட்டுவது பாதுகாப்பானது. எச்சரிக்கை விளக்கு எரியும், எரியட்டும். கியர் தடுமாற்றம் அந்த ஓட்டத்தில் அடியோடு மறைந்தால் குற்றவாளி ஆல்டர்நேட்டர் பக்கத்தில் இருக்கிறது. மறையாவிட்டால் சென்சாரையோ கியர்பாக்ஸையோ பார்க்க வேண்டும்.

என் டிரக்கில் இருந்தது பழுது பார்த்து மறுவிற்பனைக்கு வந்த ஆல்டர்நேட்டர். சார்ஜிங் வோல்டேஜ் 14-க்கு மேல் சீராக இருந்ததால் அதைக் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாறுதிசை அளவு 0.4 வோல்ட்டுக்கும் மேலே நின்றது. ஃபில்ட்டர் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காக அந்த ஆல்டர்நேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் முதலில் பொருத்தினேன். தடுமாற்றம் நின்றது. விளக்குகள், புளோயர், ஏர் கண்டிஷனர் எல்லாவற்றையும் போட்டபோது மட்டும் எப்போதாவது ஒருமுறை லாக்கப் விட்டுப் பிடித்தது. மற்றபடி வண்டி சீராகவே ஓடியது. இத்தோடு நிறுத்திக்கொண்டு ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் பலர், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனெனில் பணம் கொடுத்து வாங்கிய பொருள் பணத்துக்கான வேலையைச் செய்துவிட்டது. ஆனால் ஆல்டர்நேட்டரின் போல்ட்டில் மீட்டர் இன்னமும் அதே 0.4 வோல்ட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பெட்டி அந்த அலையை ஆக்சிலரேட்டர் ஒயர் ஒன்றிலிருந்து மட்டுமே விலக்கியது. மற்ற ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு சென்சாரும் அதே கலங்கலைக் குடித்துக்கொண்டிருந்தன. பேட்டரிகள் தேவையில்லாமல் சூடேறிக்கொண்டிருந்தன. மீதமுள்ள டயோடுகள் செத்த டயோடின் சுமையையும் சுமந்துகொண்டிருந்தன, அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போவது நாள் கணக்கு. முன்பு கியர் தடுமாறியபோது அது ஓர் எச்சரிக்கையாவது தந்தது. ஃபில்ட்டர் போட்ட பிறகு அந்த எச்சரிக்கையும் இல்லை.

புது ஆல்டர்நேட்டர் போட்ட பிறகு அளவு 0.03 வோல்ட்டுக்கு இறங்கியது. ஃபில்ட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். ஏறக்குறைய எல்லாம் சரியாகிவிட்டது. சுமை முழுவதையும் போட்டபோது மட்டும் பழைய துடிப்பின் சாயல் கொஞ்சம் தெரிந்தது. அதற்குக் காரணம் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் வழி. டீசல் எஞ்சினின் அதிக அழுத்தத்தை எதிர்த்துச் சுழற்றி ஸ்டார்ட் செய்ய இந்த டிரக்குகளில் இரண்டு பேட்டரிகள் இணையாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. அதனால் எர்த் கேபிள்களும் அதிகம், துருப்பிடிக்கும் இணைப்புகளும் அதிகம். சுமை முழுவதையும் போட்டு, நேர்திசை நிலையில் மீட்டரை வைத்து, எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தபோது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, 0.1-ஐத் தாண்டினாலே பார்க்க வேண்டும். ஆல்டர்நேட்டரின் மின்சாரம் வீடு திரும்ப நேர்வழி கிடைக்காமல், சென்சார்களின் எர்த் வழியாகவும் புகுந்து போகிறது என்பதே இதற்குப் பொருள். பிளாக்கில் பூட்டிய கேபிளின் லக்கை (முனையிலுள்ள உலோக வளையம்) கழற்றியபோது, வெளியே பளபளப்பாக இருந்த செம்புக்கு அடியில், ஒயரை நசுக்கிப் பிடிக்கும்படி கிரிம்ப் செய்த இடத்துக்குள், பச்சைப் பொடி நிறைந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. கேபிளை மாற்றி, உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைத் தொடும்படி இறுக்கிய பிறகு அந்தச் சாயலும் போயிற்று. ஃபில்ட்டர் இப்போது அந்த வண்டியில் இல்லை, தேவையும் இல்லை.

அப்படியானால் இந்தப் பெட்டி யாருக்கு? நண்பர் ஒருவரின் டிரக்கில் ஆல்டர்நேட்டர் அளவு நன்றாக இருந்தது, எர்த்தும் நன்றாக இருந்தது. ஆனால் கருவிகளை இயக்குவதற்காகப் பெரிய இன்வர்ட்டர் ஒன்று பொருத்தியிருந்தார்கள், அதன் கேபிள்கள் எஞ்சின் ஒயரிங் கட்டோடு ஒட்டியே நெடுந்தொலைவு ஓடின. இன்வர்ட்டர் வேலை செய்யும்போதெல்லாம் லாக்கப் துடித்தது. கேபிளைப் பிரித்து வேறு வழியில் கொண்டுபோனதில் பாதி குறைந்தது. அதற்கு மேல் ஒதுக்க உடலமைப்பு இடம் தரவில்லை. அங்கே ஃபில்ட்டர் போட்டோம், இன்றுவரை நன்றாக ஓடுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்து, முடிந்தவரை நீக்கிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச இரைச்சலுக்கு இது ஏற்ற பொருள். தரக்குறைவான ரேடியோ டிரான்ஸ்மிட்டர், கூடுதல் விளக்குகளின் டிரைவர் சர்க்யூட்டுகள், ஏர் கண்டிஷனர் கிளட்ச் சுருளின் மேல் இருக்க வேண்டிய டயோடு செத்துப்போய் ஒவ்வொரு முறை அணையும்போதும் எழும் வோல்டேஜ் குத்து ஆகியவையும் இதே வகையில் சேரும், கடைசியாகச் சொன்னதை மட்டும் டயோடை மாற்றித்தான் தீர்க்க வேண்டும்.

பெட்டியின் உள்ளமைப்பைப் பற்றி. எபாக்ஸியை உடைக்காமலே வெளியிலிருந்து அளந்தால், தொடராக ஒரு ரெசிஸ்டரும் எர்த்துக்கு ஒரு கெப்பாசிட்டரும் கொண்ட எளிய வடிகட்டி என்று தெரிகிறது. உதாரணத்துக்கு, ரெசிஸ்டர் 1 கிலோ ஓமும் கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரடும் என்றால், நொடிக்கு 16-க்கு மேற்பட்ட துடிப்புகள் படிப்படியாக அடங்கும். 2,400 துடிப்புள்ள சிற்றலை ஏறத்தாழ 150-இல் ஒரு பங்காகவும், செத்த டயோடின் 400 துடிப்பு 25-இல் ஒரு பங்காகவும் குறையும். மனிதக் கால் நொடிக்குப் பதினாறு முறை மிதிப்பதில்லை என்பதால் உண்மையான சைகை கெடுவதில்லை. இந்தக் கணக்கில் மதிப்புகளைக் கண்மூடித்தனமாக ஏற்றினால் இரண்டு தீமைகள் வரும். கெப்பாசிட்டர் பெரிதானால் ஆக்சிலரேட்டரை மிதித்ததைக் கணினி தாமதமாக அறியும், முந்திச் செல்ல அழுத்தும்போது கியர் இறங்குவது சுணங்கும். ரெசிஸ்டர் பெரிதானால் கணினியின் உள்ளீட்டோடு அது வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும், முழு மிதி முழு மிதியாகப் போய்ச் சேராது. நான் பொருத்திய பெட்டியில், இரு பக்கமும் அளந்தபோது முழு மிதியில் ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்கு மட்டுமே வேறுபட்டது. ஓட்டுவதில் தாமதமும் உணரவில்லை. மதிப்புகளை நிதானமாகத் தேர்ந்திருக்கிறார்கள் என்று பாராட்டத் தோன்றுகிறது.

பாராட்ட முடியாதது அதன் எர்த் ஒயர். பெட்டியிலிருந்து தனியாக வெளிவரும் ஒரு கருப்பு ஒயரை 'அருகிலுள்ள உலோகத்தில் பூட்டவும்' என்று குறிப்புத் தாள் சொல்கிறது. இது தவறான அறிவுரை. சென்சாரின் வோல்டேஜை, சென்சாருக்கென்று கணினியிலிருந்து வரும் எர்த் ஒயரோடு ஒப்பிட்டுத்தான் கணினி அளக்கிறது. எஞ்சின் உடலோ சேஸியோ அந்த எர்த்தைவிட ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், கெப்பாசிட்டர் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே சைகை ஒயருக்குள் கொண்டுவந்து கொட்டும். இரைச்சலை நீக்க வந்தது இரைச்சலுக்கு வாசல் திறந்துவிடும். என் டிரக்கில் எர்த் கேபிளை மாற்றுவதற்கு முன், ஃபில்ட்டர் போட்டிருந்தும் சுமை முழுவதையும் போட்டபோது தடுமாற்றம் மிச்சமிருந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்தக் கருப்பு ஒயரைச் சேஸியிலிருந்து எடுத்து சென்சாரின் எர்த் ஒயரோடு இணைத்தபோது அந்த மிச்சமும் கண்கூடாகக் குறைந்தது. தனி ஒயர் இல்லாமல், கனெக்டருக்குள்ளேயே சென்சார் எர்த்தோடு இணைத்துத் தயாரிக்கப்படும் ஃபில்ட்டர்களும் கிடைக்கின்றன. வாங்குவதென்றால் அவற்றையே வாங்குங்கள்.

கட்டமைப்பில் குறையில்லை. கனெக்டர்களில் ரப்பர் சீல் சரியாக உட்காருகிறது, பூட்டு நாக்கு கிளிக்கென்று விழுகிறது, எஞ்சின் வெப்பத்தில் ஒயரின் உறை இளகவில்லை. ஒயரைக் கொஞ்சம் நீளமாகக் கொடுத்திருக்கலாம். பெட்டியைத் தொங்கவிடாமல் கட்ட இடம் தேட வேண்டியிருக்கிறது, அதிர்வில் தொங்கும் பெட்டி நாளடைவில் கனெக்டரைத் தளர்த்தும். ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுவது நல்லது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வழிகளில் பரவலானது, சென்சார் ஒயர்களைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றுவது. பலருக்கு இது பலன் தந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தாள் தடுப்பது பக்கத்து ஒயரிலிருந்து காற்றுவழியாகத் தாவும் மின்புல இரைச்சலை மட்டுமே, அதுவும் தாளை ஒரு முனையில் எர்த் செய்திருந்தால். தடித்த ஒயரில் ஓடும் பெரும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தை மெல்லிய அலுமினியம் இந்த அலை எண்ணிக்கையில் தடுக்காது. எர்த் வழியாக உள்ளேயே வந்துவிட்ட சிற்றலைக்கு அது பொருட்டே இல்லை. காந்தப்புலத்துக்கு இடைவெளியும், ஒயர்களை முறுக்கிக் கொண்டுபோவதும்தான் மருந்து. தாளின் இரு முனைகளையும் எர்த் செய்தால் தாளே மின்னோட்டம் பாயும் வழியாகிவிடும், அது வேண்டாம். இரண்டாவது வழி, ஆல்டர்நேட்டர் வெளிவரும் இடத்திலேயே பெரிய வடிகட்டியைப் போடுவது. தத்துவப்படி இதுவே சரியான இடம், ஏனெனில் வண்டி முழுவதற்கும் தூய்மையான மின்சாரம் கிடைக்கும். ஆனால் ஆல்டர்நேட்டரின் முழு மின்னோட்டத்தையும் தாங்கும் சுருள் கனமானது, சூடாவது, அதன் இணைப்பு ஒன்று தளர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நல்ல டயோடுகள் உள்ள ஆல்டர்நேட்டருக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

சென்சாரே தேய்ந்திருந்தால் எந்த ஃபில்ட்டரும் காப்பாற்றாது. எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஆக்சிலரேட்டரை மிக மெதுவாக மிதித்தபடி சைகை ஒயரில் வோல்டேஜைப் பாருங்கள். முள் உள்ள பழைய வகை மீட்டர் இதற்கு எண் மீட்டரைவிடச் சிறந்தது. வழியில் எங்காவது முள் குதித்தால், பெரும்பாலும் நெடுஞ்சாலையில் கால் எப்போதும் நிற்கும் அந்த லேசான மிதியின் இடத்தில்தான் குதிக்கும், சென்சாரின் தடம் அங்கே தேய்ந்துபோயிருக்கிறது. அந்தப் பள்ளம் நீடிக்கும் நேரம் ஃபில்ட்டர் அடக்கும் துடிப்புகளைவிட நீளமானது, ஆகவே அது தாராளமாகக் கடந்து போய்விடும்.

புதிய தலைமுறை டிரக் வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியை நினைக்கவே வேண்டாம். பெடலில் இரண்டு தடங்கள் கொண்ட சென்சார் இருக்கும். கணினி இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் ஃபில்ட்டர் தாமதப்படுத்தினால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கோளாறுக் குறியீடு போட்டு எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். ஜே1939 வலைப்பின்னலில் கியர்பாக்ஸும் எஞ்சினும் பேசிக்கொள்ளும் கனரக டிரக்குகளில் பார்க்க வேண்டியது வேறு: மின்சாரத்தை அணைத்துவிட்டு அந்த இரு ஒயர்களுக்கிடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும், ஏனெனில் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாக இருக்கின்றன. 120 காட்டினால் ஒரு முனையின் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது, அதை விட்டுவிட்டுக் கியர்பாக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய வகை டிரக் வைத்திருந்து, ஆல்டர்நேட்டர், எர்த், சென்சார் மூன்றையும் அளந்து சரியென்று கண்ட பிறகும் லாக்கப் துடிக்குமானால் இந்த ஃபில்ட்டரைத் தயங்காமல் வாங்கலாம். பொருத்திய பிறகு, ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆல்டர்நேட்டரின் மாறுதிசை அளவை எடுத்து, பானெட்டின் உட்புறத்தில் ஒட்டிய சீட்டில் தேதியோடு குறித்து வையுங்கள், 0.1-ஐத் தாண்டிய அன்றே ஆல்டர்நேட்டரைக் கழற்றிவிட வேண்டும், வண்டி எவ்வளவு சீராக ஓடினாலும்.